நீலமும் ஆரஞ்சும்

1989 செப்டம்பரில் 'சயன்ஸ்' இதழ் ஒரே மரபணுவைப் பற்றி மூன்று கட்டுரைகளைச் சேர்த்து வெளியிட்டது. டொரொன்டோவில் லாப்-சீ சூய், ஜாக் ரியார்டன், மிச்சிகனில் ஃபிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோரின் குழுக்கள் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயின் மூலத்தைப் பிடித்துவிட்டன. அந்த நோயோடு பிறக்கும் குழந்தையின் வியர்வை மிகையாக உப்புக் கரிக்கும். நுரையீரலில் சளி பசையாக இறுகும், கிருமிகள் அதில் குடியேறும், ஆண்டுக்கு ஆண்டு மூச்சு குறையும். 1950களில் இந்நோயோடு பிறந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூட வயதைத் தொடவில்லை.

காரணம் சிஎஃப்டிஆர் என்ற புரதம். செல்லின் மேற்சவ்வில் நின்று குளோரைடு அயனிகளை வெளியே விடும் வாயில் அது. 1,480 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியில் 508ஆவது இடத்தில் உள்ள ஒன்று விடுபட்டால், புரதம் சரியாக மடியாது. செல் அதைச் சவ்வுக்கு அனுப்பாமலே சிதைத்துவிடும். பெரும்பாலான நோயாளிகளிடம் காணப்படுவது இந்தப் பிழை. சிலருக்கு 551ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கும். அவர்களுடைய வாயில் சவ்வுக்குப் போய்ச் சேர்ந்துவிடும், ஆனால் திறக்காது.

மரபணு கிடைத்துவிட்டது, மருந்தும் வந்துவிடும் என்று பெற்றோர்கள் நம்பினார்கள். பத்து ஆண்டு கழிந்தும் அந்த வாயிலைச் சரிசெய்யும் மருந்து ஒன்றுகூட இல்லை. அப்போது அந்தப் புரதத்தின் வடிவமே தெரியாது; மனித சிஎஃப்டிஆரின் முப்பரிமாண அமைப்பு அணு அணுவாகத் தெரியவந்தது 2017இல்தான். வடிவம் தெரியாத ஒன்றுக்குப் பொருந்தும் மூலக்கூறை யோசித்து உருவாக்க முடியாது. எஞ்சியது ஒரே வழி: கைவசம் உள்ள மூலக்கூறுகளை எல்லாம், இலட்சக்கணக்கில் இருந்தாலும், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது.

அப்படிப் பார்க்க முதலில் பாத்திரம் வேண்டும். இன்று உலகமெங்கும் ஆய்வகங்களில் புழங்கும் பாத்திரம் ஒரு தட்டுப்பாட்டில் பிறந்தது. 1951இல் ஹங்கேரியில் இன்ஃபுளூயன்சா பரவியது. பரிசோதனைகள் குவிந்தன, கருவிகள் போதவில்லை. ஜூலா டகாட்சி என்ற மருத்துவர் அக்ரிலிக் பலகை ஒன்றில் 6 வரிசை, வரிசைக்கு 12 என்று 72 குழிகள் குடைந்தார். பல்லாங்குழிப் பலகையை நெருக்கிச் சிறிதாக்கியது போன்ற அந்தத் தட்டில், சோதனைக் குழாய்க்குத் தேவைப்பட்டதில் சிறு பங்கு திரவமே ஒரு குழிக்குப் போதுமானதாக இருந்தது. குழியிலிருந்து குழிக்குத் துளி மாற்றுவதற்குக் கம்பிச் சுருள்களையும் அவரே வடிவமைத்தார். 1960களில் அமெரிக்காவில் இதே யோசனை வார்ப்புப் பிளாஸ்டிக்கில் 8 வரிசை, 12 பத்தி, ஆக 96 குழிகள் என்ற வடிவம் எடுத்தது. ஆய்வகத்தில் எல்லாரும் 'பிளேட்' என்று சொல்வது இதைத்தான்.

இந்தத் தட்டின் நீளம் 127.76 மில்லிமீட்டர், அகலம் 85.48 மில்லிமீட்டர். 2004 முதல் இது எழுத்தில் உள்ள அமெரிக்கத் தர அளவு. சலிப்பூட்டும் எண்கள்தான். ஆனால் தானியங்கி ஆய்வகம் முழுவதும் இந்த எண்களின் மேல் நிற்கிறது என்பது என் எண்ணம். ஒரு நிறுவனம் செய்த இயந்திரக் கை இன்னொரு நிறுவனத்தின் தட்டை எடுத்து மூன்றாவது நிறுவனத்தின் ஒளிமானிக்குள் வைக்கிறது என்றால், அளவில் எல்லாரும் ஒத்துப்போனதால்தான். வெளியளவு மாறாமல் உள்ளே குழிகள் பெருகின. 96 குழித் தட்டில் ஒரு குழியின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு 9 மில்லிமீட்டர். அதைப் பாதியாக்கினால் 384 குழிகள், மறுபடியும் பாதியாக்கினால் 1,536 குழிகள். கடைசித் தட்டில் ஒரு குழிக்குச் சில மைக்ரோலிட்டர் போதும். கண்ணில் விடும் ஒரே சொட்டு மருந்தை இத்தகைய பல குழிகளுக்குப் பங்கிட்டுவிடலாம்.

சிறிதாக்குவதில் இலாபம் வெளிப்படை: அரிய செல்களும் விலை உயர்ந்த சேர்மங்களும் மிச்சமாகும். ஆனால் சிறு துளி பெரிய அளவுத் திரவத்தைப் போல நடந்துகொள்வதில்லை. ஓரக் குழிகள் நடுக் குழிகளைவிட வேகமாக ஆவியாகும். அவற்றில் உப்பின் செறிவு கூடி, மருந்து எதுவும் சேர்க்காமலே செல்கள் வேறு மாதிரி நடந்துகொள்ளும். பிப்பெட் முனையில் ஒட்டிக்கொள்ளும் மிச்சமே சில சமயம் ஊற்ற வேண்டிய அளவைவிட அதிகமாகிவிடும். இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த தீர்வுகளில் என்னை மிகவும் கவர்ந்தது ஒலியால் துளி எறியும் கருவி. மீயொலியைத் திரவப் பரப்பில் குவித்தால் திரவம் நீரூற்றாக எழும்பித் துளிகளாகச் சிதறும் என்பதை ஆர். டபிள்யூ. வுட், ஆல்ஃபிரட் லூமிஸ் இருவரும் 1927இலேயே எழுதியிருந்தார்கள். முக்கால் நூற்றாண்டு கழித்து அது கருவியானது. குழியின் அடியிலிருந்து ஓர் ஒலித் துடிப்பு, மேற்பரப்பிலிருந்து 2.5 நானோலிட்டர் அளவுள்ள ஒரே ஒரு துளி மேல்நோக்கிப் பாயும். தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்திருக்கும் இன்னொரு தட்டின் குழியில் போய் ஒட்டும். அந்த அளவில் புவியீர்ப்பைவிடப் பரப்பு இழுவிசைக்கு வலு அதிகம் என்பதால் துளி கீழே விழாது. எந்த முனையும் எதையும் தொடுவதில்லை.

தட்டு இருக்கிறது, துளி இருக்கிறது. இனி எழுவது, எனக்கு இந்தத் துறையிலேயே மிகக் கடினமாகத் தோன்றும் கேள்வி. குளோரைடு வாயில் திறந்ததா இல்லையா என்பதை வெளியிலிருந்து எப்படிக் காண்பது? குளோரைடு அயனிக்கு நிறம் இல்லை. அது கடந்து போகும்போது செல்லின் தோற்றத்தில் எந்த மாற்றமும் தெரியாது. செல்லுக்குள் நுண்ணிய மின்முனை செருகி அளக்கலாம். தேர்ந்த கைக்காரர் ஒரு நாளில் அளக்கக்கூடிய செல்கள் மிகச் சில. இலட்சக்கணக்கான குழிகளுக்கு அது நடக்காது. ஒளிமானிக்குத் தெரிந்தது ஒளி மட்டுமே. அதனால் வாயில் திறப்பதை எப்படியாவது ஒளியாக மாற்றியாக வேண்டும்.

சான் டியேகோவில் ரோஜர் சியென் இதில் கைதேர்ந்தவர். செல்லுக்குள் கால்சியத்தின் ஏற்ற இறக்கத்தை ஒளியாகக் காட்டும் சாயங்களை 1980களில் செய்தவர் அவர். பின்னாளில் பச்சை ஒளிர் புரதத்துக்காக 2008ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1990களின் நடுவில் அவரும் ஜெசூஸ் கொன்சாலஸும் செல்சவ்வின் மின்னழுத்தத்தைக் காட்டும் இரட்டைச் சாய முறை ஒன்றை உருவாக்கினார்கள்.

அதன் வேலை இப்படி. முதல் சாயம் கொழுப்பு மூலக்கூறோடு பிணைத்த கூமரின். அது சவ்வின் வெளி அடுக்கில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஊதா ஒளி பட்டால் நீலமாக ஒளிரும். இரண்டாவது சாயம் ஆக்சனால். அது எதிர்மின்னூட்டம் கொண்டது, சவ்வின் வெளி அடுக்குக்கும் உள் அடுக்குக்கும் இடையே தாவக்கூடியது. செல்லின் உட்புறம் எதிர்மின்னாக இருக்கும்வரை ஆக்சனால் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, கூமரினுக்குப் பக்கத்தில் நிற்கும். இரண்டும் சில நானோமீட்டர் நெருக்கத்தில் இருந்தால், கூமரின் வாங்கிய ஆற்றல் ஒளியாக வெளிவராமல் பக்கத்தில் உள்ள ஆக்சனாலுக்குக் கைமாறிவிடும்; ஆக்சனால் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். உட்புறத்தின் எதிர்மின் அழுத்தம் குறைந்தால் ஆக்சனால் உள் அடுக்குக்குத் தாவும். விலகிய உடனே கைமாற்றம் நிற்கும், ஆரஞ்சு மங்கும், நீலம் ஏறும்.

செல்லைச் சுற்றியுள்ள திரவத்தில் குளோரைடைத் திடீரென்று குறைத்தால், வாயில் திறந்திருக்கும் செல்லிலிருந்து குளோரைடு வெளியே ஓடும். எதிர்மின்னூட்டம் வெளியேறுவதால் உட்புறத்தின் எதிர்மின் அழுத்தம் தணியும். நீலம் ஏறினால் வாயில் திறந்திருக்கிறது. ஆரஞ்சிலேயே நின்றால் மூடியிருக்கிறது. கண்ணுக்கே தெரியாத அயனியின் ஓட்டம் இரண்டு நிறங்களின் விகிதமாகிவிட்டது.

விகிதம் என்பதில்தான் இந்த முறையின் அழகு எனக்குத் தெரிகிறது. ஒரு குழியில் செல்கள் சற்றுக் கூடுதலாக இருக்கலாம், விளக்கின் வெளிச்சம் சற்றுக் குறையலாம். அப்போது இரண்டு நிறங்களும் ஒன்றாகவே கூடும், ஒன்றாகவே குறையும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் அந்தத் தடுமாற்றங்கள் பெரும்பாலும் அடிபட்டுப்போகும். இதற்கென்றே ஒரு கருவியும் செய்தார்கள். அதன் இயந்திரக் கை ஒரு வரிசைக் குழிகளில் திரவத்தை ஊற்றும். அதே நொடியில் அடியிலிருந்து ஒளியிழைகள் ஊதா ஒளியைச் செலுத்தி, திரும்பும் நீலத்தையும் ஆரஞ்சையும் தனித்தனியே வாங்கி, வினாடிக்கு ஒருமுறை பதியும். ஊற்றிவிட்டுத் தட்டை வேறு கருவிக்கு எடுத்துப்போகும் நேரத்தில் மின்னழுத்த மாற்றம் நடந்து முடிந்திருக்கும் என்பதால், ஊற்றுவதும் பார்ப்பதும் ஓரிடத்தில் நடந்தாக வேண்டும்.

சியென் தொடங்கியவர்களில் ஒருவராக இருந்த அரோரா பயோசயன்சஸ் நிறுவனம் இந்தத் தொழில்நுட்பத்தை வைத்திருந்தது. அமெரிக்க சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அறக்கட்டளையின் தலைவர் ராபர்ட் பீல் அவர்களை அணுகினார். நோயாளிகளின் குடும்பங்கள் திரட்டிய நிதியைத் தனியார் நிறுவனத்தின் ஆய்வில் போடுவது அன்று வழக்கத்துக்கு மாறான செயல். 2000இல் ஒப்பந்தம் முடிவானது. 2001இல் வெர்டெக்ஸ் நிறுவனம் அரோராவை வாங்கிய பிறகும் வேலை நிற்கவில்லை. பால் நெகுலெஸ்குவின் தலைமையில் சுமார் 2,28,000 சேர்மங்கள் சோதிக்கப்பட்டன. 508ஆவது இடத்தில் பிழையுள்ள மனித மரபணுவை ஏற்ற எலிச் செல்களே குழிகளில் வளர்ந்தன. அவற்றை முந்தைய நாள் 27 டிகிரிக் குளிரில் வைத்தார்கள். குளிரில் வைத்தால் பிழையான புரதத்தில் ஒரு பங்கு சவ்வுக்குப் போய்ச் சேரும் என்று 1992இல் அயோவாவில் மைக்கேல் வெல்ஷின் குழு காட்டியிருந்தது. வாயில் சவ்வில் இருந்தால்தானே அதைத் திறக்கும் மருந்தைத் தேட முடியும்!

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 384 குழித் தட்டில் ஒப்பீட்டுக்கான குழிகளை ஒதுக்கிவிட்டு 320 சேர்மங்கள் வைக்கலாம் என்று கொண்டால், 2,28,000 சேர்மங்களுக்கு 700க்கு மேற்பட்ட தட்டுகள் வேண்டும். சேர்மம் எதுவும் இல்லாத குழிகளிலேயே அளவுகள் சற்று ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கத்தைப் போல மூன்று மடங்கு தாண்டியதை எல்லாம் 'கிடைத்தது' என்று எடுத்துக்கொண்டால், இயல்பான பரவலில் ஆயிரத்துக்கு 1.35 குழிகள் வெறும் தற்செயலால் அந்தக் கோட்டைத் தாண்டும். 2,28,000இல் அது 300க்கும் மேல். களஞ்சியத்தில் ஒரு மருந்துகூட இல்லாவிட்டாலும் கருவி 300 பெயர்களைக் கையில் கொடுக்கும்!

அதனால் தேடலைத் தொடங்கும் முன்பே சோதனையைச் சோதிக்கிறார்கள். 1999இல் சாங், சுங், ஓல்டன்பர்க் மூவரும் இதற்கு ஓர் எளிய அளவுகோல் தந்தார்கள். இசட்-காரணி என்று பெயர். வாயில் முழுதும் திறந்த குழிகளின் சராசரி எவ்வளவு, மூடிய குழிகளின் சராசரி எவ்வளவு, இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் இரு பக்கச் சிதறல்களும் எவ்வளவு இடத்தைத் தின்றுவிடுகின்றன என்பதே அதன் பொருள். சிதறலே இல்லாவிட்டால் மதிப்பு 1. 0.5க்கு மேல் இருந்தால் நல்ல சோதனை. சுழியத்துக்குக் கீழே போனால் அந்தச் சோதனையைக் கைவிட்டு வேறு யோசிக்க வேண்டும். தட்டின் அளவுகளை நிற வரைபடமாக விரித்துப் பார்ப்பதும் வழக்கம். ஒரு பத்தி முழுதும் மங்கலாக இருந்தால் பிப்பெட் முனை அடைத்திருக்கிறது, ஓரங்கள் மட்டும் பளிச்சென்று இருந்தால் ஆவியாகியிருக்கிறது. உண்மையான மருந்து அப்படி வரிசை கட்டி வராது.

தற்செயலைச் சலித்த பிறகும் ஏமாற்றும் மூலக்கூறுகள் மிஞ்சும். சில தாமாகவே ஒளிரும். ஊதா ஒளியைப் பாய்ச்சி நீலத்தைப் பார்க்கும் சோதனைகளில் இந்தத் தொல்லை அதிகம், சிவப்புப் பக்கம் போகப்போகக் குறையும். சில சாயத்தின் ஒளியை விழுங்கும். இன்னும் சில நீரில் கரையாமல் நுண்ணிய உருண்டைகளாகத் திரண்டு, எதிர்ப்படும் புரதத்தை எல்லாம் பூசிக்கொண்டு, அதன் வேலையைத் தடுத்துவிட்டதாகத் தோற்றம் காட்டும். பிரையன் ஷாய்க்கெட்டின் குழு இந்தத் திரளல்களை ஆராய்ந்து, சில துளி சோப்புப் பொருள் சேர்த்தால் இந்த வகை ஏமாற்று கலைந்துவிடும் என்று காட்டியது.

இவ்வளவையும் தாண்டி நின்ற சில மூலக்கூறுகளை எடுத்து, சபீன் ஹதிதாவின் வேதியியல் குழு பல ஆண்டுகள் அணுக்களை மாற்றி மாற்றிச் செதுக்கியது. ஒவ்வொரு மாற்றத்தையும் ஃபிரெட்ரிக் வான் கூரின் குழு மனிதச் செல்களில் சோதித்தது. நுரையீரல் மாற்று அறுவை செய்துகொண்ட நோயாளிகளின் அகற்றப்பட்ட நுரையீரலிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள் அவை. இந்த ஆராய்ச்சியில் ஒளிமானிக்குக் கொடுக்கும் மரியாதையை அந்தச் செல்களைத் தந்தவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எலிச் செல்லில் ஏறிய நீலம் மனித மூச்சுக்குழாய்ச் செல்லிலும் பொருந்துமா என்பதற்கு அவர்கள் கொடுத்த செல்கள்தான் சாட்சி. விஎக்ஸ்-770 என்ற மூலக்கூறு, 551ஆவது இடத்தில் பிழை உள்ள செல்களில் குளோரைடு ஓட்டத்தைச் சுமார் 10 மடங்கு கூட்டி, நோயற்ற செல்களின் அளவில் ஏறத்தாழ பாதிக்குக் கொண்டுவந்தது என்று 2009இல் வெளியிட்டார்கள். 2012 ஜனவரி 31 அன்று ஐவகாஃப்டார் என்ற பெயரில் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. நோயின் மூலத்திலேயே கைவைத்த முதல் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் மருந்து அது. 508ஆவது இடப் பிழைக்கு, புரதத்தை மடிக்க உதவும் இரண்டு மூலக்கூறுகளை ஐவகாஃப்டாரோடு சேர்த்த மூன்று மருந்துக் கூட்டு 2019 அக்டோபரில் வந்தது. 2025இல் லாஸ்கர் மருத்துவ விருதை வெல்ஷும் நெகுலெஸ்குவும் அந்த இரட்டைச் சாயத்தைச் செய்த கொன்சாலஸும் பகிர்ந்துகொண்டார்கள். சோதனை முறை ஒன்றை வகுத்தவருக்கு இவ்வளவு பெரிய மருத்துவ விருது கிடைத்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

ஐவகாஃப்டார் வந்தபோது ஆண்டுக்கு 2,94,000 டாலர் என்று விலை வைத்தார்கள். நோயாளிகளின் குடும்பங்கள் திரட்டிய பணத்தில் தொடங்கிய தேடல் அது. இந்த விலையால் உலகின் பெரும் பகுதியில் அந்த மருந்து குடும்பங்களின் கைக்கு எட்டவில்லை. எந்தக் காரணம் சொன்னாலும் இதை என்னால் ஏற்க முடியவில்லை.

விலை கொடுக்க முடிந்தாலும் இந்த மருந்துகளால் பயன் பெறாத நோயாளிகள் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கிறார்கள். அவர்களில் பலரின் மரபணுவில், பாதி வழியிலேயே 'நிறுத்து' என்ற குறி விழுந்திருக்கும். புரதம் முழுதாக உருவாகவே உருவாகாது. இல்லாத வாயிலைத் திறக்க முடியாது. அந்தக் குறியைச் செல் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகச் செய்யும் மூலக்கூறு வேண்டும். அதற்கும் ஒளித் தேடல் நடந்தது. மின்மினியின் ஒளிக்குக் காரணமான லூசிஃபெரேஸ் நொதியின் மரபணுவில் அதே 'நிறுத்து' குறியைப் புகுத்திச் செல்களில் வைத்தார்கள். குறியைத் தாண்டினால் நொதி முழுதாக உருவாகும், குழி ஒளிரும். சுமார் 8,00,000 சேர்மங்களைத் தேடி எடுத்த பிடிசி124 என்ற மூலக்கூறு 2007இல் 'நேச்சர்' இதழில் வெளியாகிப் பெரும் நம்பிக்கையைக் கிளப்பியது.

2009இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் வேதி மரபணுவியல் மையத்தில் டக்ளஸ் ஆல்டு, ஜேம்ஸ் இங்லீஸ் முதலானோர் வேறு விளக்கம் சொன்னார்கள். பிடிசி124 மின்மினி லூசிஃபெரேஸோடு தானே பிணைகிறது. பிணைந்த நொதியைச் செல் சீக்கிரம் சிதைப்பதில்லை. நொதி தேங்குகிறது, ஒளி கூடுகிறது. 'நிறுத்து' குறியைத் தாண்டியதற்கு அந்த ஒளி அத்தாட்சி ஆகாது. மின்மினியின் நொதிக்குப் பதிலாக ரெனில்லா என்ற கடலுயிரின் நொதியை வைத்தபோது அந்த ஒளிக்கூடுதல் தென்படவில்லை. மருந்தை உருவாக்கியவர்கள் வேறு சோதனைகளைக் காட்டி மறுத்தார்கள். விவாதம் நீண்டது. இடையில் நோயாளிகளிடம் பரிசோதனை நடந்தது. 2017இல் மூன்றாம் கட்டப் பரிசோதனை இலக்கை எட்டாமல் போக, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கான முயற்சி நிறுத்தப்பட்டது. ஒரே நோய், ஒரே வகைத் தட்டு, இரண்டு ஒளிகள். முதல் தேடலில் ஒளி சொன்னது நோயாளியின் செல்லில் உறுதியானது. இரண்டாவது தேடலில் மூலக்கூறு தொட்டதாகத் தெரிந்தது சோதனைக்கென்று கொண்டுவந்த மின்மினி நொதியை.

அதனால் இன்றைய தேடல்களில் சில தொடக்கத்திலேயே நோயாளியிடமிருந்து புறப்படுகின்றன. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஜெஃப்ரி பீக்மன், ஹான்ஸ் கிளெவர்ஸ் ஆகியோரின் குழுக்கள் 2013இல் ஒரு முறையை வெளியிட்டன. நோயாளியின் மலக்குடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்து, அதிலுள்ள மூலச்செல்களைக் கூழ்மத்தில் வளர்த்தால், அவை உள்ளே வெற்றிடம் கொண்ட நுண்ணிய குமிழிகளாகத் திரளும். ஃபோர்ஸ்கோலின் என்ற பொருளைச் சேர்த்தால் செல் சிஎஃப்டிஆருக்குத் 'திற' என்று ஆணையிடும். வாயில் வேலை செய்தால் குமிழிக்குள் நீர் ஏறி, ஒரு மணி நேரத்துக்குள் அது வீங்கும். வேலை செய்யாவிட்டால் அப்படியே இருக்கும். தானியங்கி நுண்ணோக்கி குழி குழியாகப் போய் ஒவ்வொரு குமிழியின் பரப்பையும் அளந்துவிடும். உட்ரெக்ட் குழு பிடிசி124ஐயும் இந்தக் குமிழிகளில் போட்டுப் பார்த்தது, அவை வீங்கவில்லை. இப்போது 384 குழித் தட்டுகளில், பாதி வழியில் புரதம் நின்றுபோகும் நோயாளிகளின் குமிழிகளை வளர்த்து, வேறு நோய்களுக்கு ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்துகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, எந்தக் குழியில் குமிழி வீங்குகிறது என்று தேடுகிறார்கள்.